நோட்டீஸில் விடுபட்ட பெயர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் அய்யலூர் வட்டாரத்தில் டீக்கடைத் தட்டிகளுக்கு ஓய்வே இருக்காது. வியாழக்கிழமைச் சந்தைக்கு ஆட்டையும் நாட்டுக்கோழியையும் கொண்டுவருகிறவர்கள் அப்படியே தங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸையும் நாலு இடத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாமி சாட்டுதல், கரகம் ஜோடித்தல், முளைப்பாரி, மாவிளக்கு, கிடா வெட்டு, மஞ்சள் நீராட்டு என்று நாள் நாளாக நிகழ்ச்சி நிரல். ஒவ்வொன்றுக்கும் நேராக உபயதாரர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், என்ன தொழில், எந்த ஊரில் இருக்கிறார் என்பது வரைக்கும் இருக்கும். ஒலி ஒளி அமைப்புக்கு ஒரு பெயர், பந்தலுக்கு ஒரு பெயர், கடைசி வரியில் அச்சகத்தின் பெயர். அத்தனை நாளும் அந்தத் திருவிழாவைத் தூக்கி நிறுத்தப்போகிற இசைக்கு மட்டும் ‘மேளதாளம் முழங்க’ என்று இரண்டே சொல்.

முழக்கப்போவது யார்? நையாண்டி மேளம் எந்த ஊர் செட்? உறுமி யார் கையில்? நோட்டீஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் தெரியாது. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் “மேளக்காரங்க வருவாங்க” என்பதுதான் பதில். தனித்துவமான இசைக்கலைஞர்களை எங்கே தேடுவது, எப்படிக் கண்டுகொள்வது என்ற பேச்சு இப்போது தமிழகத்தில் நிறையவே நடக்கிறது. அந்தத் தேடலை நான் இந்த இரண்டு சொல்லிலிருந்துதான் தொடங்குவேன். நம்மிடம் இல்லாதது கலைஞர்கள் அல்ல. அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கும் பழக்கம்தான்.

மலையடிவாரத்து உறுமி

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நாற்கரச் சாலையில் வடமதுரை தாண்டினால் அய்யலூர். மலையை ஒட்டிய பாதையில் வண்டிக்கருப்பணசாமி கோவில். லாரி ஓட்டுகிறவர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அந்தப்பக்கம் கடவூர் மலை. அதைச் சுற்றிய காட்டை 2022இல் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. திண்டுக்கல், கரூர், திருச்சி என்று மூன்று மாவட்டங்கள் கை கோக்கும் இந்த மானாவாரி நிலத்துக்கு ஒரு சொந்தக் குரல் உண்டு. அது உறுமியின் குரல்.

இந்தப் பகுதியில் பரவி வாழும் ராஜகம்பளத்து நாயக்கர்கள் உறுமியைத் ‘தேவதுந்துபி’ என்பார்கள். அவர்களுடைய தேவராட்டத்துக்குப் பாட்டு கிடையாது. ஆட்டக்காரர்களை நடத்துவது தேவதுந்துபி மட்டுமே. அடி மாறும்போது கால் மாறும். அடி நிமிரும்போது வரிசை முழுதும் நிமிரும். தூத்துக்குடி மாவட்டம் ஜமீன் கோடங்கிபட்டியைச் சேர்ந்த எம். குமாரராமன் இந்த ஆட்டத்தைப் பல்லாண்டுகள் பள்ளிக்கூடங்களுக்கும் மேடைகளுக்கும் கொண்டுபோனவர். அந்த உழைப்புக்காக அவருக்கு விருதும் கிடைத்தது. ஆட்டத்தின் பெயர் அப்போது நாளிதழ்களில் அடிபட்டது. ஆனால் அந்த ஆட்டத்தை உள்ளிருந்து இயக்கும் வாத்தியத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

இடை சிறுத்து, இரண்டு முகமும் தோல் கட்டிய வாத்தியம் உறுமி. வலப்பக்கத்தை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். இடப்பக்கத்தில் வளைந்த குச்சி ஒன்றைத் தோல்மேல் அழுத்தி இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் வாத்தியத்துக்குப் பெயர் கொடுத்த உறுமல் பிறக்கிறது. முரசு, தவில் எல்லாம் அடித்த கணத்தில் ஒலித்து அடங்குகின்றன. உறுமியின் ஒலி ஒரு சுருதியில் தொடங்கி, ஏறி, வழுக்கி, இறங்கி முடிகிறது. தோலிலிருந்து குரல் போன்ற ஒன்றை எடுக்கும் வாத்தியங்கள் உலகத்திலேயே குறைவு. வாசிக்கிறவரின் வலது கையை எல்லோரும் பார்ப்பார்கள், அதில் வேகம் தெரிவதால். என் அனுபவத்தில் ஒரு நல்ல உறுமிக்காரரை அடையாளம் காட்டுவது அவருடைய இடது கைதான். எவ்வளவு அழுத்துகிறார், எங்கே விடுகிறார், இரண்டு அடிகளுக்கு நடுவே அந்த இழுப்பை எத்தனை நேரம் தொங்க விடுகிறார் என்று கவனியுங்கள். ஒரே ஊரில் இரண்டு பேர் ஒரே அடியை வாசித்தாலும் அந்த இழுப்பு ஒன்றுபோல் இருக்காது.

இதைக் கேட்க நல்ல சமயம் மாடு மாலை தாண்டும் விழா. ஒவ்வொரு மந்தையிலிருந்தும் மாடுகளைக் கொண்டுவந்து, எல்லை வரைக்கும் கூட்டிப்போய், அங்கிருந்து ஓடவிடுவார்கள். முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டும் மாட்டுக்குப் பரிசு எலுமிச்சம்பழமும் மஞ்சளும். கட்டுக்கட்டாகப் பணம் புரளும் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த எலுமிச்சம்பழத்தின் மதிப்பு உடனே பிடிபடாது. மாடுகள் புறப்படும் வரை உறுமி நிற்பதில்லை. புழுதியில் முதல் மாடு கண்ணுக்குத் தெரியும்போது அடி எப்படி மாறுகிறது என்பதைக் கேட்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் எத்தனை மைக் வைத்தாலும் அது வராது. இந்த இசை ஏதோ ஒரு காரியத்தோடு சேர்ந்தே பிறக்கிறது. காரியத்திலிருந்து பிரித்து எடுத்தால் பாதிதான் கையில் மிஞ்சும்.

பெயர் போட்ட நோட்டீஸ்

அதே டீக்கடைத் தட்டியில் இன்னொரு நோட்டீஸும் ஒட்டியிருக்கலாம். ‘வள்ளி திருமணம்’ நாடக நோட்டீஸ். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் எல்லோருக்கும் புகைப்படம் இருக்கும், பெயர் இருக்கும், பெயருக்கு முன்னால் ஊர் இருக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிப்பவர்களின் பெயர்களும் தனித்தனியே உண்டு. ஒருத்தர் விடுபட்டாலும் சண்டைதான்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த நாடகங்கள் இன்றைக்கும் விடிய விடிய நடக்கும் இந்த ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ஆர்மோனியக்காரர் ஓர் ஊரிலிருந்து வருவார்; வள்ளி வேறொரு ஊரிலிருந்து வருவார்; நாரதர் மூன்றாவது ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேருவார். ஒத்திகை இல்லை. மேடையிலேயே சுருதி கேட்டு, மேடையிலேயே தர்க்கம் தொடங்கி, விடியும்வரை கொண்டுபோவார்கள். ஒவ்வொருவரும் தனித்தனிக் கலைஞர். தனித்தனியாகச் சம்பளம் பேசி வருகிறவர். சென்னையில் சினிமாவுக்கு வெளியே பாடுகிற இளைஞர்களின் பாட்டை இப்போது சுயாதீன இசை என்கிறோம். நம் ஆர்மோனிய வாத்தியார்கள் நூறு வருடமாக அந்தச் சுயாதீனத்தில்தான் வாழ்கிறார்கள். நடுராத்திரியில் ஒரு பாட்டின் கடைசி அடி முடிந்ததும் ஆர்மோனியத்தில் அவர்கள் எடுக்கும் சின்னச் சின்னச் சங்கதிகளை யாராவது தொகுத்து வைத்தால் அதுவே ஒரு பாடத்திட்டமாகும்.

ஒரே ஊர், ஒரே அச்சகம், சில சமயம் ஒரே திருவிழா. நாடகக்காரருக்குப் பெயர் போடுகிறவர்கள் மேளக்காரருக்கு ஏன் போடவில்லை?

முதல் காரணம் சங்கம். நாடக நடிகர்களுக்கு மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி என்று ஊருக்கு ஊர் சங்கம் உண்டு. தேதி பேசுவதும், முன்பணம் வாங்குவதும், தகராறு தீர்ப்பதும் அதன் வழியாக நடக்கும். நோட்டீஸ் என்பது அவர்களுக்கு அடுத்த ஊர் வாய்ப்புக்கான விளம்பரம். அதில் பெயர் வருவதை உரிமையாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது காரணத்தைச் சொல்லாமல் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. பறையும், பறையைச் சார்ந்த மேளங்களும் பல தலைமுறைகளாக ஒரு சாதியின்மீது சுமத்தப்பட்ட ஊழியமாகவே நடத்தப்பட்டன. சாவுக்கு வா, சாமிக்கு வா என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்ட இடத்தில் பெயர் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வரும்? நோட்டீஸில் காணாமல்போன அந்த ஒரு வரி அச்சகத்தின் கவனக்குறைவால் வந்ததல்ல.

பெண்கள் கையில் பறை

அந்த வழக்கத்துக்கு எதிராகத் திண்டுக்கல்லிலேயே ஒரு வேலை நடந்திருக்கிறது. அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு 1990களிலிருந்து தலித் இளம்பெண்களுக்குப் பறையாட்டம் கற்றுக் கொடுக்கிறது. கூடவே கரகம், ஒயில், கும்மி. படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள், கூலி வேலைக்குப் போன பெண்கள் அங்கே வந்து பறையைக் கையில் எடுத்தார்கள். பறை ஆண்கள் அடிப்பது என்று ஊர் வைத்திருந்த கணக்கும், பறை தீட்டு என்று ஊர் வைத்திருந்த கணக்கும் ஒரே நேரத்தில் உடைந்தன. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியராக இருக்கும் ஸோயி ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார், 2018இல் வெளிவந்தது. தமிழ்க் கிராமிய இசையைப் பற்றிப் பல வருடம் ஆய்வு செய்தவர் அவர். திண்டுக்கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம்மில் எத்தனை பேர் அந்தக் குழுவின் ஆட்டத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்?

பறையைக் கேட்கத் தெரிந்துகொள்வது கடினமில்லை. இடது கையில் நீளமான சிம்புக் குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சும்போதே வாசிப்பு தொடங்கிவிடுகிறது என்பேன். விரலால் சுண்டிச் சுண்டி அவர்கள் கேட்பது சுருதியைத்தான். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி, சினிமா அடி என்று அடிகளுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. “இது என்ன அடி அண்ணே?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அடித்துக் காட்டுவார்கள், அடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வார்கள். ஒரு ராகத்தின் பெயர் தெரிந்தவுடன் கச்சேரி நமக்குள் வேறாகிவிடுகிறதல்லவா, அதே மாற்றம் இங்கும் நடக்கும்.

மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசான் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். சமர் கலைக்குழுவை நடத்திக்கொண்டு, ஊர் ஊராகப் போய், கல்லூரி மாணவர்கள் முதல் ஐ.டி. ஊழியர்கள் வரை எல்லோருக்கும் பறை கற்றுக் கொடுத்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெயருக்குப் பின்னால் ஆசான் என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டதை நான் விருதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். மேளக்காரர் என்று பொதுவில் கரைந்துபோகாமல், ஒரு பறைக் கலைஞர் ஆசிரியராக அறியப்படுகிறார்.

நையாண்டி மேளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் சேர்ந்த செட் அது. கரகாட்டத்துக்குப் பின்னால் நிற்பதால் அதைத் துணைவாத்தியமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கரகக்காரர் இளைப்பாறும் இடைவெளியில் இரண்டு நாகசுரக்காரர்கள் ஒருவரை ஒருவர் மடக்கும் வாசிப்பு இருக்கிறதே, செட்டின் உண்மையான தரம் தெரிவது அங்கேதான். அந்த நேரம் பார்த்து நாம் டீ குடிக்கப் போய்விடுகிறோம். இப்போது பல ஊர்களில் கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் செண்டை மேளம் வந்துவிட்டது. செண்டை அருமையான வாத்தியம், அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. முப்பது பேர் நிற்கும் கம்பீரத்துக்காக அதை அழைத்துவிட்டு, பக்கத்து ஊர் நையாண்டி மேளத்தை வேண்டாமென்று சொல்வதில்தான் வருத்தம்.

பெயர் கிடைத்தவர்கள்

சிவகங்கைச் சீமையில் கொல்லங்குடி கருப்பாயி வயல்வெளியிலும் கும்மியிலும் பாடிக்கொண்டிருந்தவர். வானொலி அவர் குரலை ஊர் தாண்டிக் கொண்டுபோனது. 1985இல் பாண்டியராஜன் ‘ஆண் பாவம்’ படத்தில் நடிக்க வைத்தார். தமிழ்நாடே அந்தப் பாட்டியை அறிந்தது. 1993இல் கலைமாமணி. 2025 ஜூனில், நூறு வயதை நெருங்கிய நிலையில் காலமானார். மதுரைப் பக்கத்துப் பரவை முனியம்மாவுக்கு 2003இல் ‘தூள்’ படம் வந்தது; அதற்கு முன்பே அவர் மேடைகளில் பாடிப் பழகிய கலைஞர். 2020 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். 2018இல் தொலைக்காட்சி ‘சூப்பர் சிங்கர்’ போட்டியில் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் கிராமியப் பாட்டை மட்டுமே பிடித்துக்கொண்டு கடைசிச் சுற்று வரை வந்தார்கள், செந்தில் வென்றார். ராஜலட்சுமி திண்டுக்கல்காரர் என்பதில் இந்தப் பக்கத்து மக்களுக்கு இன்னும் பெருமை உண்டு.

இந்த மூன்று கதையிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. வானொலியோ, சினிமாவோ, தொலைக்காட்சியோ வந்து கை நீட்டிக் காட்டிய பிறகுதான் நாம் பார்த்தோம். காட்டிய பிறகும் அந்த ஒரு படத்துப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒரு கிராமியப் பாடகியிடம் தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, முளைப்பாரிப் பாட்டு, ஒப்பாரி என்று ஒரு வாழ்நாளின் சேமிப்பு இருக்கிறது. அந்தப் பெட்டியை முழுதும் திறந்து காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு நேரமில்லாமல் போனது.

சுயாதீன இசையிலும் பெயர் விடுபடும் சிக்கல் வந்தது. இயக்குநர் பா. ரஞ்சித் முன்னெடுப்பில், தென்மா இசையமைப்பில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. கானா, பறை, ராப் எல்லாம் ஒரே மேடையில் சேர்ந்தன. அந்தக் குழுவிலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு, பாடகி தீயோடு பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்து உலகமெங்கும் ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு அது. அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், பலரும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அறிவின் படத்தோடு தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. கிராமத்து நோட்டீஸில் நடப்பதுதான் பளபளப்பான தாளிலும் நடந்தது. இங்கே கேட்க ஆளிருந்தார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசிய விருது அறிவித்தபோது, சுருதிக் கணக்கு சொல்லி எதிர்த்தவர்களும் உண்டு. மெட்ரோனோம் வைத்துப் பாடச் சொன்னால் அவரால் முடியுமா என்பது போன்ற கேள்விகள். ஒரு குரலை அது வளர்ந்த மண்ணின் அளவுகோலால் அளக்கத் தெரியாதபோது வருகிற கேள்விகள் அவை. கருப்பாயியின் குரலில் இருந்த கீறலைச் செப்பனிட்டிருந்தால் அது யாருடைய குரலோ ஆகியிருக்கும்.

எழுதி வைத்தவர்கள்

1941இல் அமெரிக்காவின் மிசிசிப்பிக்கு ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு போனார்கள். லோமாக்ஸ் விசாரித்தது ராபர்ட் ஜான்சன் என்ற கிதார்க்காரரைப் பற்றி. அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவரைப்போல் வாசிக்க இன்னொருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸ் அப்படித்தான் கிடைத்தார். அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்தப் பாட்டை எப்படிக் கட்டினார் என்பதெல்லாம் கேட்டுப் பதிவு செய்தார்கள். தன் குரலைத் தட்டில் கேட்ட அந்த மனிதர் இரண்டு வருடத்தில் சிகாகோவுக்குக் கிளம்பினார். அதன்பின் மேற்கத்திய இசை எந்தத் திசையில் போனது என்பது ஊரறிந்த கதை.

நம்மிடமும் அப்படி எழுதி வைத்தவர்கள் உண்டு. நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ தொகுப்பில், பாட்டோடு வட்டார வழக்குக்குப் பொருளும், சேகரித்தவர் பெயரும், ஊரும் குறித்திருப்பார்கள். பாட்டு காற்றில் வந்ததல்ல, ஓர் ஊரில் ஒரு வாயிலிருந்து வந்தது என்று காட்டும் குறிப்பு அது. கருவி வசதி இல்லாத காலத்தில் பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை.

இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. திருவிழாவில் நூறு போன்கள் உயர்கின்றன. அந்தக் காணொளிகள் ‘செம குத்து’ என்ற தலைப்போடு பரவுகின்றன. வாசித்தவர் பெயர் எதிலும் இல்லை. பெயர், ஊர், செட்டின் பெயர், அடியின் பெயர், எந்த விழா, எந்த நாள் என்று ஆறு விவரத்தை அவரிடமே கேட்டு எழுதிப் போடுங்கள். போடலாமா என்றும் கேளுங்கள். ஓர் உறுமிக்காரரை இன்னோர் ஊர்க்காரர் தேடிப் பிடிக்க அதுவே போதும். திருவிழாக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். முன்பணம் கொடுக்கும்போதே செட்டில் வரும் எல்லோருடைய பெயரையும் வாங்கிக்கொண்டால் முடிந்தது.

எங்கே தேடுவது என்று தெரியாதவர்களுக்கு அரசாங்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை ஒவ்வொரு மாவட்டத்திலும் வயது வாரியாகக் கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று ஐந்து விருதுகள் தருகிறது. செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஒரு மூலையில் அந்தப் பட்டியல் வரும். முதுமணி வாங்குகிறவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள். அந்தப் பெயர்களை வெட்டி வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இலிருந்து இருக்கிறது. அதில் பதிவு செய்யாத கலைஞரைக் கண்டால், படிவம் நிரப்பிக் கொடுத்து உதவுவதும் ரசிகர் செய்யக்கூடிய வேலைதான்.

போவதற்கு நல்ல காலம் புரட்டாசிக்குப் பிறகு மார்கழி வரைக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரே ராத்திரியில் இரண்டு ஊர் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் திருவிழா குறைவு, வருமானமும் குறைவு. பலர் கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டு இருட்டும்போதுதான் வீடு திரும்புவார்கள். ஒரு போன் பண்ணிச் சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டில் ஒருநாள் சம்பளத்தையாவது வைத்துக் கொடுத்து, “கூட்டம் கேக்காததை வாசிங்க” என்று சொல்லுங்கள். வாத்தியத்தை உறையிலிருந்து எடுப்பார்கள். தோல் ஈரத்தில் இளகியிருக்கும். முதலில் அதைக் காய்ச்ச வேண்டும், அதற்கே அரை மணி நேரம் ஆகும். அவசரமில்லாமல் போங்கள்.